கழுத்து டாப்ளரில் இரண்டு எண்கள்: எதை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வேறு தொந்தரவு எதுவும் இல்லை. வழக்கமான பரிசோதனையின்போது டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, ஏதோ இரைச்சல் கேட்கிறது, டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தோம். வலது பக்கத் தமனியில் வேகம் வினாடிக்கு 182 செ.மீ., 50 முதல் 69 சதவீதம் அடைப்பு என்று எழுதியிருந்தார்கள். பயந்துபோய் மூன்று வாரம் கழித்து வேறு இடத்தில் எடுத்தோம். அங்கே 142. அடைப்பு குறைந்துவிட்டதா, இல்லை யாராவது தவறாக அளந்துவிட்டார்களா? 'வேகம் கூடினால் நல்லதுதானே, ரத்தம் நன்றாக ஓடுகிறது' என்கிறார் மாமா. படத்தில் ஒரு குழாய் சிவப்பாகவும் பக்கத்துக் குழாய் நீலமாகவும் இருக்கிறது. நீலம் என்றால் கெட்ட ரத்தமா? ரத்தம் ஓடும் வேகத்தையே அளக்கிற மெஷின், ரத்தம் கெட்டியாக இருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடாதா? அப்பாவுக்கு ஊசி என்றாலே ஆகாது. இரண்டு அறிக்கைகளையும் படங்களோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படங்களையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. வெறும் அறிக்கையை மட்டும் அனுப்பியிருந்தால் நான் இவ்வளவு எழுத முடியாது.

உங்கள் பயத்தைக் குறைக்கிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறிக்கைகளும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. கழுத்துத் தமனியில் உச்ச வேகம் 125 செ.மீ.க்குள் இருந்தால் அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே, 125 முதல் 230 வரை 50 - 69 சதவீதம், 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ என்பது அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் நிபுணர்கள் கூடி வகுத்து 2003-ல் வெளியிட்ட வரம்பு. உலகம் முழுக்கப் பெரும்பாலான ஸ்கேன் மையங்கள் இதையோ இதை ஒட்டிய ஒன்றையோதான் வைத்திருக்கின்றன. 182, 142 இரண்டும் நடுப் பிரிவிலேயே விழுகின்றன. அதனால்தான் இரண்டாவது இடத்திலும் சதவீதத்தை மாற்றாமல் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள், பக்கத்தில் இருந்த முடிவு வரியைக் கவனிக்கவில்லை. பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

சரி, ஒரே கழுத்து, ஒரே தமனி, மூன்று வாரம்தான் இடைவெளி. 40 செ.மீ. எங்கே போயிற்று? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மெஷின் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அது ரத்தத்தின் வேகத்தை அளப்பதே இல்லை. ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. வேகம் என்பது அதிலிருந்து போட்ட கணக்கு.

கழுத்தில் ஜெல் தடவி வைக்கிற ப்ரோப் 5 மெகாஹெர்ட்ஸ் வாக்கில், அதாவது வினாடிக்கு 50 லட்சம் முறை அதிரும் ஒலியை உள்ளே அனுப்புகிறது. மனிதக் காதுக்கு எட்டுகிற எல்லை 20,000. இந்த ஒலி சதைக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. தமனிக்குள் நுழைந்ததும் சிவப்பணுக்கள் மேல் படுகிறது. சிவப்பணு ஒன்றின் குறுக்களவு 7 - 8 மைக்ரான். ஒலியின் அலைநீளமோ 300 மைக்ரான். இவ்வளவு சின்னப் பொருள் மேல் பட்ட ஒலி கண்ணாடியில் பட்ட ஒளியைப் போல நேராகத் திரும்பாது. எல்லாத் திசையிலும் சிதறும். அதில் மிகச் சிறிய பங்குதான் ப்ரோபுக்குத் திரும்பி வருகிறது. கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து சிதறடிப்பதால்தான் அதுவும் கேட்கிற அளவுக்குத் தேறுகிறது.

சிவப்பணு ப்ரோபை நோக்கி வந்துகொண்டிருந்தால் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கொஞ்சம் கூடும், விலகிப் போனால் குறையும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் இதைச் சொன்னபோது அவர் மனதில் இருந்தது ரத்தம் அல்ல, இரட்டை நட்சத்திரங்களின் நிறம். நட்சத்திர விஷயத்தில் அவர் சொன்னது சரிப்படவில்லை. ஆனால் 1845-ல் பைஸ் பாலோட் என்ற டச்சு விஞ்ஞானி, ஓடுகிற ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றிவிட்டு, தண்டவாளத்தின் ஓரத்தில் சுரம் தெரிந்தவர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார். ஒலியைப் பொறுத்தவரை டாப்ளர் சொன்னது அப்படியே பலித்தது. மனித உடலுக்குள் அது வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1950-களின் பிற்பாதியில் ஜப்பானில், ஒசாகாவில், ஷிகேயோ சத்தோமுரா இதயத்தின் அசைவையும் ரத்த ஓட்டத்தையும் இந்த முறையில் பிடித்துக் காட்டினார்.

ஸ்கேன் அறையில் 'உஷ்... உஷ்...' என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். அது ரத்தம் ஓடுகிற சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அனுப்பிய அதிர்வெண்ணுக்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மெஷின் ஸ்பீக்கரில் போடுகிறது. தற்செயலாக அந்த வித்தியாசம் சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் வந்துவிடுவதால் நம் காதுக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். ஒலியளவைக் கூட்டி வைத்திருந்தால், படுத்திருப்பவர் 'என்ன டாக்டர் இப்படி இரைகிறது' என்று பதறிவிடுவார். நான் பெரும்பாலும் குறைத்தே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது 40 செ.மீ.க்கு வருவோம். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலும் ஓரத்தில் சின்ன எழுத்தில் கோணம் என்ன என்று பதிவாகியிருக்கிறது. முதல் படத்தில் 60 டிகிரி, இரண்டாவதில் 50. தமனியின் நடுவில் ஒரு குட்டிக் கோடு தெரிகிறதா? ஸ்கேன் எடுப்பவர் ஒரு குமிழைத் திருகி, ரத்தம் போகும் திசைக்கு இணையாக அந்தக் கோட்டை வைப்பார். அவர் வைத்த கோணத்தை நம்பித்தான் மெஷின் கணக்குப் போடும். சிவப்பணு ப்ரோபை நோக்கி நேராக வந்தால் அதன் முழு வேகமும் அதிர்வெண் மாற்றத்தில் தெரியும். சாய்வாகப் போனால் ஒரு பகுதி மட்டும் தெரியும். செங்குத்தாக, 90 டிகிரியில் குறுக்கே போனால் ரத்தம் பிய்த்துக்கொண்டு ஓடினாலும் மெஷின் பூஜ்யம் காட்டும். ஆகவே மெஷின் தனக்குக் கிடைத்ததை கோணத்தின் கோசைனால் (கோணம் பெரிதாகப் பெரிதாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஓர் எண்) வகுத்து முழு வேகத்தைச் சொல்கிறது.

ஒரு பேச்சுக்கு, இரண்டு மையங்களிலும் ப்ரோபை ஒரே மாதிரிதான் பிடித்தார்கள், இரண்டு மெஷினும் 5 மெகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்தன, இரண்டுக்கும் கிடைத்த அதிர்வெண் மாற்றமும் சரியாக 5,930 ஹெர்ட்ஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். கோணம் 50 டிகிரி என்று சொன்னால் கணக்கில் வருவது 142 செ.மீ. அதே 5,930 ஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு கோணம் 60 என்று சொன்னால் வருவது ஏறக்குறைய 182 செ.மீ. ரத்தம் மாறவில்லை, அடைப்பு மாறவில்லை, ஒலி மாறவில்லை. குமிழ் பத்து டிகிரி திரும்பியிருக்கிறது.

அப்பா விஷயத்தில் நடந்தது அச்சாக இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவே போதும் என்று காட்ட இந்தக் கணக்கு. இன்னும் பல காரணங்கள் கூடச் சேரும். பதற்றத்தோடு படுத்திருந்தால், அன்றைக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் வேகம் மாறும். குறுகலான இடத்தில் மிக வேகமான புள்ளியைத் தேடி அளக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அளந்தால் எண் இறங்கிவிடும். தவிர, கோணம் பெரிதாகப் பெரிதாக மெஷின் கொஞ்சம் கூட்டியே காட்டுகிற வழக்கமும் உண்டு. அதனால்தான் 60-ஐத் தாண்டாதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 60-ஐத் தாண்டினால் சின்னப் பிழையும் பூதாகரமாகிவிடும். உண்மையில் 80 டிகிரி இருக்கும் இடத்தில் 85 என்று வைத்தால், வேகம் இரண்டு மடங்காக எழுதப்படும்.

அப்படியானால் இரண்டில் எது சரி? இரண்டாவது படத்தில் குட்டிக் கோடு தமனியின் சுவரோடு ஒழுங்காக இணையாக இருக்கிறது. முதல் படத்தில் லேசாக விலகியிருக்கிறது. 142-தான் உண்மைக்குப் பக்கம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அடைப்புக்குப் பக்கத்தில் தமனி வளைகிறது. குறுகலைத் தாண்டிப் பீறிடும் ரத்தம் சுவரையொட்டித்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் மையத்தில் வண்ணப் படத்தில் பீறிடும் திசையைப் பார்த்தே கோட்டைச் சாய்த்திருக்கலாம். எனவே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சொல்லவும் தேவையில்லை. ஏன் என்றால், இரண்டு அறிக்கையிலும் இன்னொரு எண் இருக்கிறது. கழுத்தில் கீழே, பிரிவதற்கு முன் இருக்கும் பொதுத் தமனியின் வேகம்: முதல் அறிக்கையில் 74, இரண்டாவதில் 60. அடைப்பு இருக்கும் இடத்தின் வேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள். ஒன்றில் 2.5, மற்றதில் 2.4. இந்த விகிதம் 2-க்கும் 4-க்கும் இடையில் இருந்தால் அதுவும் 50 - 69 சதவீதம்தான். ஒரே ஆள், ஒரே கோணப் பழக்கம், அதே நாள், அதே ரத்த அழுத்தம் என்பதால் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி கூடிய பிழை, வகுக்கும்போது பெருமளவு அடிபட்டுப் போகிறது. தனி எண்ணைவிட இந்த விகிதத்தை நான் அதிகம் நம்புகிறேன். கோணத்தையும் விகிதத்தையும் எழுதாமல் வேகத்தை மட்டும் எழுதி, நாலு வண்ணப் படத்தை ஒட்டிக் கொடுக்கிற அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நல்லவேளை, உங்களுடையவை அப்படி இல்லை.

மாமா சொன்னதற்கு வருகிறேன். வேகம் கூடினால் நல்லது என்பது இங்கே தலைகீழ். ஒரு நிமிஷத்துக்கு இத்தனை மில்லி ரத்தம் மூளைக்குப் போயாக வேண்டும். வழி குறுகிவிட்டால் அதே அளவு ரத்தம் அந்த இடத்தில் வேகமெடுத்துத்தான் கடக்க முடியும். ஆக 182 என்பது கூடுதலான ரத்தத்துக்கு அடையாளம் இல்லை, குறுகிய வழிக்கு அடையாளம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட இரைச்சலும் அங்கே ஏற்படும் கொந்தளிப்புதான். எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு. அடைப்பு 90 சதவீதத்தையும் தாண்டி, நூலிழை போல வழி மீந்திருக்கும் நிலையில் ரத்தம் போவதே குறைந்து வேகமும் விழுந்துவிடும். அப்போது எண்ணை மட்டும் பார்த்தால் 'ஆஹா, குறைந்துவிட்டதே' என்று தோன்றும். அதனால் எண்ணோடு கறுப்பு வெள்ளைப் படத்தில் படிவு எவ்வளவு தெரிகிறது, வண்ணம் எவ்வளவு அகலத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அப்பாவின் இரண்டு படங்களிலும் வழி நன்றாகவே தெரிகிறது. அந்த அச்சம் இங்கே வேண்டாம்.

இதே பீறிடும் வேகத்தை வைத்து இதய நிபுணர்கள் அழுத்தத்தையே கணக்கிடுகிறார்கள். குறுகிய வால்வைத் தாண்டும் ரத்தத்தின் வேகத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் வந்துவிடும். வினாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். முன்பெல்லாம் இதற்கு இதயத்துக்குள் குழாய் செலுத்த வேண்டியிருந்தது.

நீலம், சிவப்பு: இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சிவப்பு என்றால் ப்ரோபை நோக்கி வருகிறது, நீலம் என்றால் விலகிப் போகிறது. பொதுவான ஏற்பாடு இதுதான், ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிவிடும். படத்தின் ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையில் மேல் பாதி என்ன நிறமோ அதுதான் ப்ரோபை நோக்கி வருவது. கழுத்தில் தமனி மூளைக்கு மேலே போகிறது, பக்கத்திலேயே சிரை கீழே இறங்குகிறது, அதனால் இரண்டும் வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன. ஒரே தமனி வளைந்தால் பாதி சிவப்பாகவும் பாதி நீலமாகவும்கூடத் தெரியும். ஆக்ஸிஜன் இருக்கிறதா இல்லையா என்பது இந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அடைப்புக்கு அருகே மஞ்சளும் பச்சையுமாகப் பொரிந்திருப்பது, அங்கே வேகம் வண்ண அளவுகோலைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம். அது கொழுப்பு இல்லை.

அப்புறம் நீங்கள் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: ஓடுகிற வேகம் தெரிகிறதே, ரத்தத்தின் தன்மை தெரியாதா? அப்பாவின் ஊசிக்கு மாற்றாகுமா என்றால், ஆகாது. கொழுப்பு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எதையும் கழுத்தில் ப்ரோப் வைத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் மில்லிகிராம் கணக்கான பொருட்கள் ஒலியை எங்களால் பிரித்தறிய முடிகிற அளவுக்கு மாற்றுவதில்லை. தமனிச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது பல வருஷக் கணக்கு. இன்றைக்கு ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்பது வேறு.

ஹீமோகுளோபினையாவது பிடிக்கலாமே, சிவப்பணுக்கள்தானே ஒலியைச் சிதறடிக்கின்றன, அணுக்கள் அதிகம் இருந்தால் ரத்தம் அதிகப் பிரகாசமாகத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அப்படி நடப்பதில்லை. ரத்தத்தில் அணுக்களின் பங்கு கூடக் கூடச் சிதறலும் கூடுவது 15 சதவீதம் வாக்கு வரைதான். அதற்கு மேல் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் ஒன்றின் சிதறலை இன்னொன்று அடித்துவிட, மொத்தம் குறைய ஆரம்பிக்கிறது. ஆரோக்கியமான ரத்தத்தில் அணுக்களின் பங்கு 40 - 45 சதவீதம். அதனால் பிரகாசத்தைப் பார்த்து ரத்தசோகையை எடைபோட வழியில்லை.

ஆனாலும் சில இடங்களில் ரத்தத்தின் தன்மை ஒலியில் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

வயிற்றுக் குழந்தையின் ரத்தசோகை அப்படி ஒன்று. தாயின் ரத்த வகைக்கும் சிசுவின் ரத்த வகைக்கும் ஒத்துக்கொள்ளாதபோது தாயின் எதிர்ப்பொருள்கள் சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கின்றன. அணுக்கள் குறைந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், அதன் பிசுபிசுப்பு குறையும். ஆக்ஸிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட இதயமும் அதிகம் இறைக்கும். இரண்டும் சேர்ந்து மூளைத் தமனியில் வேகம் ஏறுகிறது. அந்தக் கர்ப்ப வாரத்துக்கு உரிய நடு அளவைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ரத்தசோகை கடுமையாக இருக்கலாம் என்று 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முன்பு வயிறு வழியே ஊசியைச் செலுத்திப் பனிக்குட நீரையோ தொப்புள்கொடி ரத்தத்தையோ எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதில் குழந்தைக்கே ஆபத்து உண்டு. இந்த அளவீடு இவ்வளவு நம்பகமாக இருப்பதற்கு ஒரு காரணம், சிசுவின் தலையில் அந்தத் தமனி ப்ரோபை நோக்கி ஏறக்குறைய நேராகவே வருகிறது. கோணம் பூஜ்யத்துக்குப் பக்கம். அங்கே பத்து டிகிரி பிசகினாலும் வேகத்தில் 2 சதவீதம்கூட மாறாது. அப்பாவின் கழுத்தில் அதே பத்து டிகிரி என்ன பாடு படுத்தியது என்று மேலே பார்த்தீர்கள்.

அரிவாள் அணுச் சோகை உள்ள குழந்தைகளுக்கும் டாப்ளர் பெரிய உதவி. நெற்றிப் பொட்டில், எலும்பு மெல்லியதாக இருக்கும் இடத்தில் ப்ரோபை வைத்து மூளைத் தமனியின் சராசரி வேகத்தை அளக்கிறார்கள். வினாடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் போனால் பக்கவாத ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முறையாக ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது என்று 1998-ல் வந்த ஆய்வில் தெரிந்தது. ஒரே ஒரு வேகம், ஒரு குழந்தையின் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது.

ரத்தம் தேங்கினால் சில நேரம் நேரடியாகவே கண்ணுக்குத் தெரியும். ஓட்டம் மந்தமாகும்போது சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தனி அணுவைவிட இந்த அடுக்கு பெரியது, அதனால் ஒலியை நன்றாகச் சிதறடிக்கும். கறுப்பாகத் தெரிய வேண்டிய ரத்தத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ சுழல்வது தெரியும். இதய ஸ்கேனில் இதைப் புகை என்றே சொல்வார்கள். இடது மேலறை விரிந்து, துடிப்பு ஒழுங்கற்றுப் போனவர்களிடம் இது தெரிந்தால், ரத்தக்கட்டி உருவாகும் சூழல் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

ஊசி போட்டோ குழாய் மாட்டியோ ரத்தம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட இடங்களில் அல்ட்ராசவுண்ட் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. டயாலிசிஸ் குழாயின் மேல் ஒரு சென்சாரைக் கவ்வ வைத்து, கொஞ்சம் சலைனைச் செலுத்தினால், ரத்தம் நீர்க்கும் நேரத்தில் ஒலியின் வேகம் லேசாக இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துக் கையில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ஓடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அறுவை சிகிச்சை அரங்கில், சிறிதளவு ரத்தத்தை எடுத்து, அது உறைய உறைய ஒலித் துடிப்புகளால் மெல்லத் தட்டிப் பார்த்து, உறைவு எவ்வளவு விறைப்பாகிறது என்று சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. இவற்றில் எதுவும் உங்கள் அப்பாவுக்கு ஊசியை மிச்சப்படுத்தாது.

உண்மையில் நிலைமை நேர்மாறு. கழுத்து டாப்ளரைச் சரியாகப் படிக்கவே அந்த ரத்தப் பரிசோதனை சில நேரம் தேவைப்படுகிறது. பெரியவர்களுக்கும் கடுமையான ரத்தசோகை இருந்தால் இரண்டு பக்கமும் எல்லாத் தமனிகளிலும் வேகம் ஏறியிருக்கும்; அடைப்பே இல்லாமல் 125-ஐத் தாண்டிவிடலாம். தைராய்டு அதிகம் சுரந்தாலும் அப்படித்தான். அப்பாவுக்கு இடது பக்கமும் பொதுத் தமனியும் இயல்பான வேகத்தில் இருப்பதால், வலது பக்கத்தில் ஏறியிருப்பது அந்த இடத்துக் குறுகலால்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ரத்தம் கெட்டியா என்பது பற்றி ஒரு வார்த்தை. சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் நோய், சில வகைப் புரதங்கள் ரத்தத்தில் குவியும் நோய், இப்படிச் சில நோய்களில்தான் ரத்தம் உண்மையிலேயே கெட்டியாகிறது. அதை ரத்தப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். டாக்டர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அது ரத்தத்தை நீர்க்க வைப்பதற்கு இல்லை. தமனியில் படிந்த திட்டு வெடித்தால் அதன் மேல் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகிவிடாமல் தடுப்பதற்கு. மாத்திரை சாப்பிட்ட பிறகு டாப்ளர் எடுத்தால் எண் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று நிறுத்தியும் விடாதீர்கள்.

இனி என்ன செய்வது? அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு 50 - 69 சதவீதம் என்றால் பெரும்பாலும் மருந்துதான் சிகிச்சை. ரத்தக்குழாய் நிபுணரையோ நரம்பியல் நிபுணரையோ ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், தேவைப்பட்டால் ஆஸ்பிரின், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது, இவற்றைப் பற்றி அவர் சொல்வார். உடனே ஆபரேஷன் என்று யாராவது அவசரப்படுத்தினால், எந்த அடிப்படையில் என்று நிதானமாகக் கேளுங்கள். ஆனால் ஒன்று: முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ சட்டென்று பலமிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தது போலப் பார்வை மறைவது, இதில் எது வந்தாலும், ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அறிகுறி வந்துவிட்டால் அதே 60 சதவீத அடைப்புக்கு நாங்கள் எடுக்கும் முடிவே வேறு.

மறு ஸ்கேன் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் போதும். நடுவில் மூன்றாவது இடத்தைத் தேடாதீர்கள். இன்னொரு எண் கிடைக்கும், இன்னொரு ராத்திரித் தூக்கம் போகும். இரண்டில் ஒரு மையத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய படங்களை எடுத்துப்போய், 'போன தடவை இந்தக் கோணத்தில் எடுத்திருக்கிறார்கள், முடிந்தால் அதே மாதிரி எடுங்கள்' என்று சொல்லுங்கள். நல்ல ஸ்கேன் நிபுணர் இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷப்படுவார். கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது, கழுத்து ஸ்கேனுக்கு வெறும் வயிறும் தேவையில்லை. காலை மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, கழுத்தை இறுக்காத சட்டையில் வந்தால் போதும்.